ஆண்டவரிடம் மட்டும்

"உங்க அருமைநாயகம் ஐயா இன்னிக்கு ஒலிபெருக்கியை முழுங்கிட்டு வந்தாரா?"

ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எமிலி புருஷனைப் பிடித்துக்கொண்டாள். நிறைமாதம். கோபம் வந்தால் மூச்சும் சேர்ந்து வாங்கியது.

தாவீது அரிக்கேன் விளக்கின் திரியை ஏற்றினான். வங்காளத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் அன்றைக்கும் லோட்ஷெட்டிங், கரண்ட் இல்லை.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பிரசவத்துக்கு அம்மா ஊரிலிருந்து மெயில் வண்டியில் வருகிறாள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அம்மாவோ, என் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள் வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று கடிதமே போட்டுவிட்டாள். அது வெளியே தெரிவதைவிடத் தனியாகக் கிடந்து பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்றிருந்தாள் எமிலி.

அந்த ரகசியத்தைத்தான் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில், அங்கிருந்த எட்டுத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பமும் வட்டமாக முழங்காலில் நிற்கும்போது, கூட்ஸ் கார்டு அருமைநாயகம் போட்டு உடைத்துவிட்டார்.

"ஆண்டவரே! எமிலிப் பிள்ளைக்கு அவ அம்மா வரலையாம்! உமக்குத் தெரியும்! பேறுகாலத்துக்குத் துணைக்கு ஆளில்லை! உமக்குத் தெரியும்!"

ஆண்டவருக்குத் தெரியும்தான். தமிழ் மட்டும் புரிந்திருந்தால் அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்த வங்காளிகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும்.

"நீங்கதானே அவர்கிட்ட சொன்னது? யார்கிட்டயும் உதவின்னு போய் நிக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"உதவி கேக்கலை எமிலி. ஜெபத்துக்குத்தான் சொன்னேன். 'ஆண்டவர்கிட்ட மட்டும்தான் சொல்லுவேன்'னு வாக்குக் கொடுத்தார்."

"நல்லாக் காப்பாத்தினார்! இனிமே நான் கூட்டத்துக்கு வரலை. என் ஜெபத்தை நான் கதவைச் சாத்திக்கிட்டுப் பண்ணிக்கறேன்."

சொன்னபடியே அடுத்த வெள்ளிக்கிழமை அவள் போகவில்லை. பாட்டுச் சத்தம் காற்றில் வந்தபோது ஜன்னலையும் சாத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வலி கண்டது. பார்த்து அன்றைக்கா வரவேண்டும்? பந்த். பஸ் இல்லை, டாக்சி இல்லை, ரிக்ஷாகூட இல்லை. தாவீது வண்டி தேடி ஓடினான்.

எமிலி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தனியாக ஜெபித்தாள். நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை. செத்துப்போய்விடுவோம் என்றே நினைத்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஞானப்பூ அக்கா வந்தாள். ரயில்வே ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் முப்பது வருஷம் நர்சாக இருந்தவள். இப்போது மகனோடு கடைசி வரிசைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். ஜெபத்துக்குத் தவறாமல் வருவாள், யாரோடும் அதிகம் பேசமாட்டாள். கையில் பை, கக்கத்தில் ரப்பர் ஷீட்.

"பந்தாச்சே, நீ ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதேன்னு வந்தேன். எப்ப வலி கண்டுச்சு?"

"விடியக்காலம்."

"என்னது?"

"விடியக்காலம்க்கா!"

"கத்து, நல்லாக் கத்து. பிள்ளை சீக்கிரம் வரும்," என்று ஸ்டவ்வைப் பற்றவைத்து வெந்நீர் போட்டாள்.

பகல் இரண்டு மணிக்குப் பெண் குழந்தை. பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியம்மா, மாஷிமா, சந்தோஷத்தில் சங்கெடுத்து ஊதினாள். வண்டி கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருந்த தாவீது, தெருமுனையில் அந்தச் சத்தத்தைக் கேட்டு சாவுச் சங்கென்று பயந்து வீட்டுக்கு ஓடினான். வங்காளத்தில் பிறப்புக்கும் சங்கு ஊதுவார்கள் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் ஒரு வீட்டிலிருந்து பூண்டுக் கஞ்சி, இன்னொரு வீட்டிலிருந்து பழைய வேட்டித்துணி. அம்மா ஏன் வரவில்லை என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. எமிலிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அக்கா, எனக்குத் துணை இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று உரக்கக் கேட்டாள்.

"யாரும் வந்து சொல்லலையே. அன்னிக்கு ஜெபத்துல காதுல விழுந்துச்சு."

குழந்தைக்கு ஒரு மாதமானதும் எமிலி அதைத் தூக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போனாள். வட்டத்தில் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அருமைநாயகம் முறை வந்தது. நாலு விரல் தள்ளி இருப்பவருக்குக்கூட எட்டாத குரலில் ஜெபித்து ஆமென் சொன்னார்.

"என்ன ஐயா, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?" என்று சிரித்தாள் எமிலி. "ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லுவேன்னுட்டு அன்னிக்கு ஊருக்கே கேக்க வச்சீங்களே!"

"அன்னிக்கும் ஆண்டவர்கிட்ட மட்டும்தாம்மா சொன்னேன்," என்றவர், வட்டத்தில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானப்பூ அக்காவை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம நர்சம்மாவுக்குத்தான் காது கொஞ்சம் மந்தம்."