ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பத்து

"அஞ்சு லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூத்திப் பத்து. இந்த எண்ணைப் பத்தி என்ன சார் தெரியும்?" கையிலிருந்த அட்டையைக் காட்டிக் கேட்டாள் அவள்.

கணக்கு வாத்தியார் முகம் மலர்ந்தது. "அட, இவனா! நம்ம ஆளு. ஜாதகமே சொல்றேன், கேட்டுக்கோம்மா. ரெட்டைப்படை. அஞ்சால வகுபடுவான். இலக்கத்தைக் கூட்டினா பன்னெண்டு, அதனால மூணாலயும் வகுபடுவான். ஒன்பதால மட்டும் மாட்டான்."

"அப்புறம்?"

"ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, பதினேழு. முதல் ஏழு பகா எண்ணையும் பெருக்கினா இவன்தான் வந்து நிப்பான். சரியா?"

"சரி சார். தலையை மட்டும் ஆட்டாதீங்க."

இருபத்தாறு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துபவர். மறுபடியும் கரும்பலகைக்கு முன்னால் நிற்பாரா, மாட்டாரா என்பது இன்றைக்கு, இந்த அறையிலேயே தெரிந்துவிடும். அதனால் ஒரு கேள்வியைக்கூட விடக் கூடாது என்று வரிந்து கட்டிக்கொண்டு பதில் சொன்னார்.

அவளுக்கோ, அவர் எங்காவது தடுக்கி விழ வேண்டும். நாற்பது நிமிடமாக அதற்குத்தான் காத்திருந்தாள். கணக்கைக் கரைத்துக் குடித்த மனிதர், லேசில் விழுவாரா?

"மொத்தம் எத்தனை காரணி?"

"நூத்தி இருபத்தெட்டு. இன்னொரு விசேஷமும் இருக்கு. அடுத்தடுத்த ரெண்டு எண்ணைப் பெருக்கினாலும் இவன் வருவான். எழுநூத்திப் பதினாலு, எழுநூத்திப் பதினஞ்சு. பசங்ககிட்ட சொன்னா வாயைப் பிளப்பாங்க!"

"எழுநூத்திப் பதினாலு எப்படி வருதுன்னு பெருக்கிக் காட்டுங்க."

"அதுக்கென்ன? ரெண்டு, மூணு, ஏழு, பதினேழு. முதல்ல ஏழு ரெண்டு..."

"ஏழு ரெண்டு எவ்வளவு சார்?"

"ஏழு ரெண்டு... ஒன்பது. இல்ல, இருபத்தி... என்னம்மா இது?"

சின்னப் பிள்ளைகள் தூக்கத்தில் சொல்லும் வாய்ப்பாடு. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ஆனால் இப்படியா? அவர் கண் நிறைந்து வழிந்தது. நன்றாகப் பயந்துபோனார்.

"போச்சா? எல்லாம் போச்சா? இன்னொரு கேள்வி கேளும்மா, ஒண்ணே ஒண்ணு!"

அவள் கேட்கவில்லை. சந்தோஷம் தாங்காமல், நீலத் திரைக்கு மேலே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அங்கதான் டாக்டர்! அந்த இடத்துல கத்தி வைக்காதீங்க, சாரோட கணக்கு அங்கதான் இருக்கு. கட்டியை வேற பக்கமா எடுத்துடலாம்!"

திறந்திருந்த மண்டைக்குள், விழித்திருந்த வாத்தியாரின் மூளையில், தொட்ட இடத்தை மட்டும் நொடி நேரம் முடக்கிவைக்கும் மெல்லிய மின்சாரக் கம்பியை அறுவை மருத்துவர் எடுத்தார்.

"பதினாலு!" என்றார் வாத்தியார்.