அதே மாத்திரை

"அந்தப் பழைய மாத்திரையே எழுதிக் குடுங்க டாக்டர்."

சீட்டு எழுதப்போன டாக்டரம்மா நிமிர்ந்தார். வெளியே இருபது பேர் காத்திருக்க, இவளுக்கு என்ன விளையாட்டா?

எதிரே உட்கார்ந்திருந்தவள் தையல்காரி. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். நாலு மாதத்துக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதவள். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட ஆரம்பித்து எட்டு வருஷம். "ஆசைன்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சு டாக்டர். கட்டை மாதிரி கிடக்கேன். தலைவலி வேற. பாவம் அவர்" என்றாள் அன்று.

டாக்டரம்மாதான் எடுத்துச் சொன்னார். சில பேருக்கு இந்த ஹார்மோன் மாத்திரை ஆசையை மழுங்கடிக்கும், நிறுத்திப் பார்க்கலாம், அதுவரை புருஷன் ஆணுறை போட்டுக்கொள்ளட்டும் என்று.

கூட வந்திருந்த புருஷன் பிளம்பர். கேஸ் தள்ளுபடியான ஆள் மாதிரி முகம் மலர்ந்துபோனான். "அப்ப இவ மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல. எல்லாம் மாத்திரை பண்ண வேலை. அடைப்பை எடுத்துட்டா தண்ணி தானா வரப்போகுது."

இப்போது இவள் மறுபடியும் அடைப்பைக் கேட்கிறாள்.

"தலைவலி எப்படி இருக்கு?"

"நின்னுடுச்சு டாக்டர்."

"ஆசை?"

தையல்காரி டேப்பின் நுனியைச் சுருட்டினாள். "வந்துச்சு."

"பிறகென்ன கேடு உனக்கு?"

சுருட்டிய டேப்பை அவள் மறுபடி பிரித்தாள். டாக்டரம்மாவுக்குப் பொறி தட்டியது.

"புரியுது. துரைக்கு ஆணுறை கசக்குதாக்கும். அவர் சௌகரியத்துக்கு நீ மாத்திரையை முழுங்கணும். அப்படித்தானே?"

"ஐயோ, அவர் அப்படி இல்ல டாக்டர்."

"நீங்க மூடி மறைச்சு மறைச்சுத்தான் அவங்க இப்படி ஆயிட்டாங்க" என்று மணியை அடித்தார். "வரட்டும் அந்த மகராசன்."

பிளம்பர் ஈரக் கையோடு வந்தான். "மன்னிச்சுக்கோங்க டாக்டர். வெளியில கை கழுவற குழாய் ஒழுகிட்டிருந்துச்சு. சும்மாதானே உக்காந்திருக்கோம்னு வாஷரை மாத்திட்டிருந்தேன்."

இதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை டாக்டரம்மா. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் தையல்காரி முந்திக்கொண்டாள்.

"எனக்கு ரத்தப்போக்கு ஜாஸ்தியா இருக்குல்லங்க? மறுபடியும் அந்த மாத்திரையே போடணுமாம். டாக்டர் சொல்றாங்க."

டாக்டரம்மா திகைத்துப்போனார். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

பிளம்பரின் முகம் தொங்கிவிட்டது. "மறுபடியும் அந்தச் சனியனா? போட்ட மருந்தே உன் உடம்பை விட்டு இன்னும் முழுசா இறங்கலையே." ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "சரி விடு. உன் உடம்புதான் முக்கியம். உன்னைச் சொல்லி என்ன, என்னைச் சொல்லி என்ன. மாத்திரை அப்படி."

குழாய் வேலைக்காக மூடி வைத்த வால்வைத் திறந்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

கதவு மூடியதும் டாக்டரம்மா பொரிந்தார். "பொய் சொல்ல என்னையும் கூட்டு சேத்துக்கிறியா? ஆசை வந்துச்சுங்கற. அவர் என்னடான்னா இன்னும் காத்துக்கிட்டு இருக்கார். வேற யாராவது..."

"யாருமில்ல டாக்டர்." தையல்காரியின் குரல் உள்ளே போய்விட்டது. "பஸ்ல ஒரு நாள் முன் சீட்டுல யாரோ உக்காந்திருந்தாங்க. காலர் தையல் பிரிஞ்சிருந்துச்சு. முதல்ல அதைத்தான் பாத்தேன். அப்புறம் கழுத்தைப் பாத்தேன். உடம்பெல்லாம் கொதிச்சுப்போச்சு. முகத்தைக்கூடப் பாக்கல, இறங்கி வீட்டுக்கு ஓடினேன். இவர் பக்கத்துல உக்காந்தேன். ஆசையாத் தொட்டார். அவ்வளவுதான், அணைஞ்சுபோச்சு. நாலு மாசமா நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். இவர்கிட்ட மட்டும் வரல. இவ்வளவு நல்ல மனுஷன்கிட்ட."

இதற்கு என்ன வைத்தியம் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"அந்த மாத்திரையைப் போட்டா, வந்த ஆசையும் போனாலும் போயிடும், பைத்தியக்காரி."

"போகட்டும். அது வந்து யாருக்கு என்ன ஆச்சு?"

வெளியே குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "இனிமே சொட்டாது" என்று அவன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா பேனாவைக் கையில் எடுத்தார். ஆனால் எழுதவில்லை.

"எழுதுங்க டாக்டர்" என்றாள் தையல்காரி. "மாத்திரைதான் காரணம்னு நீங்க சொன்ன அன்னிக்குத்தான் அவர் நிம்மதியாத் தூங்கினார். அது காரணம் இல்லேன்னு தெரிஞ்சுட்டா, மிச்சம் இருக்கிற காரணம் அவர் ஒருத்தர்தானே?"