வழி சொன்னவள்

நாகர்கோவிலிலிருந்து கணவனோடும் மகளோடும் இந்த நகரத்துக்குக் குடிவந்து பன்னிரண்டு நாளாகியும் பியூலாவிடம் யாரும் பேச்சுக் கொடுத்ததில்லை. அன்று அவள் மகளோடு நின்றிருந்த பஸ் ஸ்டாப்பில், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து நின்றார்.

“அக்கா, பெரியாஸ்பத்திரிக்கு எப்படிங்க போறது?”

தன்னையும் ஊர்க்காரியாக ஒருவர் நினைத்துவிட்ட பூரிப்பில் அவள் மளமளவென்று சொன்னாள். “நேரா போய் மணிமேடையில இடதுபக்கம் திரும்புங்க.” அவர் தலையாட்டிவிட்டு விறுவிறுவென நடந்தார்.

“அம்மா, மணிமேடை நம்ம ஊர்லல்லா இருக்கு?” என்றாள் மகள் ஜெமிமா.

பியூலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். பூக்காரியிடம், இளநீர்க்காரரிடம், எதிரே வந்தவர்களிடமெல்லாம் குழந்தையோடு போனவரைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். மூன்று தெரு தள்ளி ஒரு முச்சந்தியில், அந்த ஊரில் இல்லாத மணிமேடைக் கடிகாரத்தைத் தேடி அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை கண்ணே திறக்கவில்லை.

ஓர் ஆட்டோவை மறித்து எல்லோரையும் ஏற்றினாள்.

“பெரியாஸ்பத்திரியில எந்த கேட்டும்மா?” என்றார் ஆட்டோக்காரர்.

“எனக்குத் தெரியாதுண்ணே. நான் ஊருக்குப் புதுசு.”

குழந்தையை வைத்திருந்தவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு, கை வலித்ததோ என்னவோ, குழந்தையை மெல்ல அவள் மடிக்கு மாற்றினார்.