மாடிக்கு வந்த கல்யாண வீடியோ

ஒரு ஆபீஸில் காலையிலேயே சர்வர் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் சேதி சொன்னது. "இனிமே யார் எங்கே உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டாலும் சரி, அவங்க ஸ்கிரீன்ல வச்சிருக்கிறதெல்லாம் அங்கேயே வந்து நிக்கும்!"

மாடிக் கம்ப்யூட்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதல் ஆளாகத் தணிகாசலம் சார் மாடியேறி வந்து பாஸ்வேர்டு போட்டார். பதினோரு மணிக்குள் அவர் ஒரு டெண்டர் கடிதத்தை அனுப்பியாக வேண்டும்.

"வருது, வருது!" என்று மாடிக் கம்ப்யூட்டர் கத்தியது. முதலில் முருகன் படம் வந்தது. பிறகு மச்சினன் கல்யாண வீடியோ, அதே கல்யாணத்தின் இரண்டாயிரம் போட்டோ, "கடைசி", "நிஜமாவே கடைசி" என்று பெயர் வைத்த ஃபைல்கள்.

"அடேயப்பா, இன்னும் இருக்கா?"

"இருக்கு, பிடிச்சுக்கோ!" என்று மூச்சு வாங்கச் சொன்னது சர்வர்.

பத்தே முக்காலுக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. சார் தேடினார், மறுபடியும் தேடினார். கடிதத்தைக் காணோம்.

மாடிக் கம்ப்யூட்டர் பதறிப்போய், சார் தினமும் உட்காரும் கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டது. "அண்ணே, டெண்டர் கடிதம் எங்கே?"

"அதுவா? ரொம்ப முக்கியம்னு ஸ்கிரீன்ல வைக்காம, என் டி டிரைவ்ல பத்திரமா வச்சிருக்கார். என் வயித்துக்குள்ள போனது வெளியூர் போகாது!" என்றது அது பெருமையாக.

சார் படியிறங்கி ஓடினார். மாடியில் மச்சினன் மட்டும் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.