ராமர் பச்சைக்கு மூன்று எண்கள்

“வந்தவங்க பேரை மொதல்ல எழுதிக்க தம்பி. சண்டையைப் பொறவு போட்டுக்கலாம்” என்றார் ஆத்தப்பன்.

மகுடேஸ்வரன் எழுதினான். ஜன்னலை ஒட்டி, பகல் வெளிச்சம் நேராக விழும் நாற்காலியில், சாயப்பட்டறை மாஸ்டர் ஆத்தப்பன். அவருக்கு வலப்பக்கம் துணி வியாபாரி பசீர் அகமது. பிளக் பாயிண்ட் பக்கத்தில் லேப்டாப்போடும் நிறம் அளக்கும் கை மெஷினோடும் கல்லூரி ஆசிரியை சித்ரகலா. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, மேஜையின் கடைசியில் செயலாளர் மகுடேஸ்வரன். இடம்: மண்ணரை, கூரியர் ஆபீஸ் மாடி.

திருப்பூரில் புழங்கும் நிறப் பெயர்களைத் திரட்டி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். ராமர் பச்சை, அரக்கு, மயில் கழுத்து, வெங்காயக் கலர் என்று பெயரும் போட்டோவும் மட்டும் அதில் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், சர்வதேசத் தரமுறைப்படி மெஷினில் அளந்த மூன்று எண்களையும் ஏற்ற வேண்டும் என்பது மகுடேஸ்வரன் கொண்டுவந்த தீர்மானம். நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான் அது நிறைவேறும்.

அவனுக்குச் சொந்த அவசரமும் இருந்தது. அவன் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில், சாயம் ஏறி வரும் துணியின் நிறம் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் பதவி அடுத்த மாதம் அவனுக்கு வருவதாக இருந்தது. பட்டியலில் எண் ஏறாவிட்டால் அந்தப் பதவியே வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

“நெம்பரு இல்லாம அந்தச் சேர்ல உக்கார மாட்டாராமா” என்று சிரித்தார் பசீர். “கலருக்குப் பட்டியல் போடற ஆளு, எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து வெள்ளைச் சட்டைதான் போடறாப்ல.”

“வெள்ளைன்னா எந்தப் பேண்ட்டுக்கும் சேருமுங்க பாய்.”

ஆத்தப்பன் சிரிக்கவில்லை. “வெங்காயக் கலர்னா என்னன்னு எம்பட ஊட்டுக் கொழந்தைக்கும் தெரியும். நாளைக்கு அதை வெளிநாட்டுக்காரங்கிட்டப் போயிக் கேட்டுக்கோணுமா?”

“பேரு நம்முளுதுதானுங்க மாஸ்டர்” என்றாள் சித்ரகலா. “எண் பக்கத்துல துணைக்கு நிக்கும், அவ்வளவுதான். எந்த நாட்டுல இருக்கறவங்களும் நம்ம பேரைச் சொல்லியே கேப்பாங்க.”

“அம்மிணி, கண்ணு எதுக்கு இருக்குது? இந்தா.” ஆத்தப்பன் பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து ஜன்னலடியில் வைத்தார். “ரெண்டும் அரக்கு. ஒண்ணு எம்பட பட்டறை, ஒண்ணு வேற பட்டறை. ஒரே கலரா, இல்லையா?”

“அச்சா ஒண்ணுதான்” என்றார் பசீர். சித்ரகலாவும் தலையாட்டினாள்.

“நீ சொல்லு தம்பி. மெஷினு வேண்டாம். கண்ணுல பாத்துச் சொல்லு.”

மூவரும் அவனைப் பார்த்தார்கள்.

“என்ற கண்ணை நம்பச் சொல்ல மாட்டனுங்க மாஸ்டர். அதுக்குத்தான இந்தத் தீர்மானமே” என்ற மகுடேஸ்வரன், சித்ரகலாவிடம் கை நீட்டி மெஷினை வாங்கினான். ஒவ்வொரு துண்டின் மீதும் வைத்து அழுத்தினான். பகல் வெளிச்சத்துக்கு ஒரு வரிசை, மஞ்சள் பல்புக்கு ஒரு வரிசை என்று மெஷின் கணக்கிட்டுக் காட்டிய எண்களை எழுதி ஒப்பிட்டான்.

“பகல்ல ரெண்டும் ஒண்ணுதானுங்க. மஞ்ச பல்பு போட்ட கடையில வெச்சா வேற வேற.”

“அதெப்படி?” என்று துண்டுகளோடு எழுந்தார் ஆத்தப்பன். படிக்கட்டுத் திருப்பத்தில் ஜன்னல் கிடையாது, மஞ்சள் பல்பு ஒன்றுதான். பசீரும் சித்ரகலாவும் பின்னாலேயே போனார்கள். மகுடேஸ்வரன் எழுந்திருக்கவில்லை. நோட்டில் ஸ்கேல் வைத்து, எண்களுக்கான கட்டத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

“அட, ஆமாண்ணே! ஒண்ணு செங்கல்லாட்டப் போச்சு!” என்று பசீரின் குரல் கேட்டது.

திரும்பி வந்த ஆத்தப்பன் துண்டுகளை மறுபடி ஜன்னலடியில் வைத்துப் பார்த்தார்.

“எனக்கே புடிபடலை. உனக்கு எப்படித் தம்பி தெரிஞ்சுது?”

“எனக்கும் தெரியலீங்க. மெஷினு சொல்லுச்சு.”

“அடக்கத்தப் பாரு!” என்றார் பசீர்.

“சரி, ஏத்துங்க. பேரு மொதல்ல, நெம்பரு பொறவு” என்றார் ஆத்தப்பன். பெங்களூரில் அளவுகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்துக்கு அனுப்ப, ஒவ்வொரு நிறமாகப் பெயர் சொல்லி, ஆறு துண்டு வெட்டி மேஜையில் வரிசையாக வைத்தார். மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு சித்ரகலா கிளம்பினாள். மற்ற இருவரும் டீ குடிக்க இறங்கினார்கள்.

மகுடேஸ்வரன் கடிதம் எழுதினான். பொருள், பார்வை, இணைப்பு என்று எதையும் விடவில்லை. தாளில் ஆறு பெயர்களை எழுதி, துண்டுகளை ஒட்டத் தொடங்கியபோது மின்விசிறிக் காற்றில் இரண்டு துண்டுகள் மேஜைக்கடியில் பறந்தன. குனிந்து பொறுக்கினான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த இரண்டு இடங்களிலும் ஒட்டினான்.

கீழே கூரியர் ஆபீஸ் வாசலில், ஸ்கூட்டரில் காத்திருந்தாள் அவன் மனைவி சுபஸ்ரீ.

“ஏனுங்க, ஒத்துக்கிட்டாங்களா?”

“ஒத்துக்கிட்டாங்க. இனி அந்த வேலைக்குத் தைரியமாப் போலாம்” என்றவன், குரலைத் தணித்துக்கொண்டு தாளை நீட்டினான். “கவரை ஒட்டறதுக்கு முன்னாடி ஒருக்காப் பாத்துரு.”

அவள் பார்த்தாள். “ரெண்டாவதும் அஞ்சாவதும் மாறிப்போச்சுங்க. அரக்குன்னு எழுதுன எடத்துல பச்சை இருக்குது, ராமர் பச்சைல அரக்கு இருக்குது.”

மகுடேஸ்வரன் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்தான். “எனக்கு எப்பவும்போல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்று, அவள் விரல் காட்டியபடி மாற்றி ஒட்டி, உறைக்குப் பசை தடவி மூடிக் கூரியர்க்காரரிடம் கொடுத்தான்.