தையல்காரம்மாவின் சமையல்காரர்

"அசையாம படுங்கம்மா. இது உங்க கிட்னிதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு!"

ஸ்கேன் டாக்டர் கருவியை மறுபடியும் தையல்காரம்மாவின் விலாவோரம் வைத்து அழுத்தினார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏதாவது கோளாறா டாக்டர்? தரலாம்தானே?"

கணவருக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைத் தர வந்திருந்தாள் அவள். இதில் தேறாவிட்டால், தருவதற்கு வேறு ஆள் இல்லை.

"கோளாறா? நீங்களே பாருங்க." டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

இருட்டறையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. மரம் கிளைவிட்டதுபோல் விரிந்து, ஓரத்து நுனிவரை ஒளி துள்ளியது.

"எவ்வளவு சின்னக் கிளைக்கும் ரத்தம் போகுது பாருங்க. ஐம்பத்தெட்டு வயசுல இப்படி நான் பார்த்ததே இல்ல."

தையல்காரம்மா கண் கொட்டாமல் திரையைப் பார்த்தாள். இத்தனை காலமும் தனக்குள்ளே இப்படியொன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருந்ததா? மேனி சிலிர்த்தது.

"உங்க குடும்பத்துல யாருக்கும் பிரஷர் இல்லையா?"

"இல்லாத ஆளைத்தான் தேடணும். அம்மா, ரெண்டு அண்ணன்... எல்லாரும் அதுலதான் போனாங்க."

"நீங்க மட்டும் எப்படித் தப்பிச்சீங்க?"

அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "எங்க வீட்ல ஒரு சமையல்காரர் இருக்கார் டாக்டர். பொல்லாத ஆளு! பெரிய அண்ணன் போனப்ப உப்பு ஜாடியைத் தூக்கி மறைச்சவர்தான். கெஞ்சினாலும் ஊறுகாய் கிடையாது. தட்டுல பாதிக்கு மேல காய்கறி. மிச்சம் வச்சா எழுந்திருக்க விடமாட்டார். முதல்ல வாயில வைக்க விளங்கல. தட்டைத் தள்ளிவிட்டு அழுதிருக்கேன்."

"அப்புறம்?"

"நாக்கு பழகிடுச்சு. இப்ப வெளியில சாப்பிட்டா கடல் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு."

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருக்கும்மா. ஆனா அந்த மனுஷன் கைப்பக்குவம் இதுல நல்லாவே தெரியுது. அது சரி, அப்படியொரு ஆள் இருந்தும் உங்க வீட்டுக்காரர் ஏன் இப்படி ஆனார்?"

தையல்காரம்மாவின் குரல் இறங்கியது. "அவருக்கு வேலை பார்க்கிற இடத்துலயே சாப்பாடு. உப்பும் எண்ணெயும் தூக்கலா இருக்கும். நின்னபடியே எதையாவது வாயில போட்டுக்குவார். பிரஷர் பாருங்கன்னு சொன்னா, 'எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்'னுவார். தலை சுத்தி விழுந்த அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, ரெண்டு கிட்னியும் போயிடுச்சுன்னு."

டாக்டர் ஸ்கேனுக்காக அவள் விலாவில் தடவியிருந்த பசையைத் துடைத்துவிட்டார்.

"தாராளமா தரலாம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இமையோரம் நீர் கசிந்தது.

"ஒண்ணு கேட்கலாமா? அந்தச் சமையல்காரரை நான் பார்க்கணும். ஒரு நாள் கூட்டிட்டு வர்றீங்களா?"

"நீங்க மாடி ஏறினாப் போதும் டாக்டர். டயாலிசிஸ் வார்டுல படுத்திருக்கார்" என்றாள் தையல்காரம்மா. "பகலெல்லாம் ஹோட்டல்ல ஊருக்கே ருசியா சமைச்சுப் போட்டுட்டு, வீட்டுக்கு வந்து எனக்குன்னு தனியா அடுப்பு பத்த வச்சாரே... பாவம், தனக்குத்தான் சமைக்கிறோம்னு அவருக்கே தெரியாது."