முதலில் குப்பையை எடு

"என் குப்பையை யார் எடுத்தது?"

ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அவள் கேட்டது அதுதான். தரையில் ஓடிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாளர் நிமிர்ந்தார்.

பழைய ஃப்ரீசரின் கதவு விரியத் திறந்திருந்தது. உறுமல் இல்லை. பல பேர் வைத்துவிட்டு மறந்துபோன பெட்டிகளெல்லாம் உள்ளே நனைந்துகொண்டிருந்தன. மேஜைமேல் யாருடையதோ ஒரு பெட்டி, மூடி முழுக்க உறைபனியோடு, சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண் தன் தட்டுக்குப் போனது. தட்டு காலி.

"காலையில வந்து பார்த்தா செத்துக் கிடக்கும்மா. எப்ப நின்னுச்சோ. உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கலையே."

"பஸ் இரைச்சல்ல கேக்கலை. என் பெட்டி எங்க? மூடியில குப்பைன்னு பெருசா எழுதியிருக்குமே?"

அந்தப் பெயரை முதலில் வைத்தவன் பக்கத்து மேஜைக்காரன். மீன்களின் டி.என்.ஏ.வில் ஓர் இடத்தைவிட்டு இன்னோர் இடத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கும் துண்டுகளை அவள் ஆராய்கிறாள். அவன் ஆராய்வது உருப்படியாக ஒரு வேலை செய்யும் மரபணுக்களை. "நம்மளது சொக்கத் தங்கம். அக்காவோடது வெறும் குப்பை. வாடகை கொடுக்காத குடித்தனக்காரனுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்வான். அதிலிருந்து அவன் பெயர் தங்கம். அவள் குப்பை அக்கா.

அவளும் விடமாட்டாள். "அந்தக் குடித்தனக்காரன்தான்டா சுவரை இடிச்சு ஜன்னல் வெச்சவன். அவன் தாவலைன்னா உன் மீனுங்க பாதி இன்னிக்கு இந்த நிறத்துலேயே இருக்காது." வீம்புக்காகவே தன் பெட்டிமேல் 'குப்பை' என்று எழுதினாள். பதிலுக்கு அவன் தன் பெட்டிமேல் 'தங்கம்' என்று எழுதிக்கொண்டான்.

அவள் பெட்டியில் இருந்தவை ஒரே ஏரியில் பிடித்த மீன்கள். மேல்தண்ணீரில் மஞ்சள், அடியாழத்தில் கறுப்பு. நிறத்துக்கான மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு எப்போதோ தாவி வந்து உட்கார்ந்திருக்கிறது, மஞ்சள் கறுப்பானது அதனால்தான் என்பது அவள் கணிப்பு. அதைக் காட்டுவதற்கு நீளமான, அறுபடாத டி.என்.ஏ. இழை வேண்டும். உறைந்த மீன் திசு உருகினால் இழை நொறுங்கிவிடும். மறுபடி போய்ப் பிடிக்கலாமென்றால் ஏரி இல்லை. வற்றி, மூடி, அதன்மேல் இப்போது பஸ் ஓடுகிறது.

"சொல்லுங்களேன், யார் எடுத்தது?"

"தங்கம் சார்தான். உள்ள வந்ததும் 'முதல்ல குப்பையை எடு, முதல்ல குப்பையை எடு'ன்னு ஒரே கத்தல். எடுத்துக் கொடுத்தேன். தூக்கிக்கிட்டுப் பின்வாசல் வழியா ஓடினார்."

"பின்வாசலா? அப்புறம்?"

"நான் மெக்கானிக்கைக் கூப்பிடப் போயிட்டேன். அப்புறம் ஆளைக் காணோம்."

பின்வாசலைத் திறந்தால் எதிரே நிற்பது குப்பைத்தொட்டி. தங்கத்துக்கு இடம் வேண்டுமென்றால் குப்பை போகத்தானே வேண்டும்?

ஓடினாள். தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டாள். கிழிந்த கையுறைகள், ஊறிப்போன காகிதம், புழுத்த மீன் தீனி. பையைப் பையாக அவிழ்த்துக் கொட்டினாள். பெட்டி இல்லை. காலை வண்டி வந்து பாதியை அள்ளிக்கொண்டு போயிருக்கும்.

அங்கேயே நின்று ஆய்வகத் தலைவிக்குப் போன் செய்தாள்.

"மேடம், என் பெட்டியைத் தங்கம் தூக்கிக் குப்பையில போட்டுட்டான்."

"என்னம்மா சொல்ற? யார் பார்த்தது?"

"உதவியாளர் பார்த்திருக்கார் மேடம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது, அவர் அப்படிச் சொல்லவில்லையே என்று. ஆனால் அவள் திருத்தவில்லை.

"எவ்வளவு வாய்க்கொழுப்பு இருந்தாலும் பொறுத்துக்கிட்டேன். இது வேற. இனிமே அவனுக்கு இங்க இடம் கிடையாது. நானே பேசறேன், நீ வை."

அவள் உள்ளே திரும்பியபோது பின்னாலேயே அவனும் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் தடித்த ஃப்ரீசர் கையுறை.

"அக்கா, வந்துட்டீங்களா! எத்தனை தடவை கூப்பிடறது உங்களை? எதிர்க் கட்டடத்துக்காரங்ககிட்ட கெஞ்சிக் கூத்தாடி அவங்க ஃப்ரீசர்ல இடம் பிடிச்சேன். ஒரே ஒரு பெட்டின்னா வை, இல்லாட்டி நடையைக் கட்டுன்னுட்டாங்க. பயப்படாதீங்க, உங்க குப்பை கல்லு மாதிரி இருக்கு. இவ்வளவு நேரம் பக்கத்துலயே நின்னு பார்த்துட்டுத்தான் வர்றேன்."

அவள் மேஜையைப் பார்த்தாள். சொட்டிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியின் மூடியில் உறைபனி கரைந்துவிட்டிருந்தது. மை கலங்கியிருந்தாலும் எழுத்துப் படிக்க முடிந்தது. தங்கம்.

"அப்ப... உன்னோடது?"

"போச்சு. என் மீனுங்க தொட்டியிலதானே நீந்துது, மறுபடி வளர்த்துக்கலாம். இன்னும் ஒரு வருஷமான்னு வீட்டுல பிடுங்குவாங்க, அது ஒண்ணுதான். உங்க ஏரிக்கு நான் எங்கக்கா போவேன்?"

அவன் மூக்கைச் சுளித்தான். "என்னமோ நாறுதே?"

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அவன் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"மேடம்தான் அக்கா. பதறிப்போயிருப்பாங்க. முதல்ல உங்க குப்பை பத்திரமா இருக்குன்னு சொல்லிடறேன்."